ஓவன் இல்லாமல் பண்டிகை இனிப்பு: 30 பேருக்கு முன்கூட்டியே செய்து வைக்க முடியுமா?

தும்பி கேட்டது:

எல்லோருக்கும் வணக்கம். வரும் பண்டிகைக்கு எங்கள் வீட்டில் ஏறக்குறைய 30 பேர் கூடுகிறோம், இனிப்பு முழுவதும் என் பொறுப்பு. வீட்டில் ஓவன் கிடையாது, வாங்குகிற எண்ணமும் இல்லை. அடுப்பு, மைக்ரோவேவ், மிக்ஸி, நடுத்தர அளவில் ஒரு ஃப்ரிட்ஜ், இவ்வளவுதான் இருக்கிறது. அன்று காலையில் சமையலறையில் மற்ற வேலைகளுக்கே இடம் போதாது என்பதால் இரண்டு மூன்று நாள் முன்பே செய்து டப்பாவில் போட்டுவிட வேண்டும், அன்றைக்குத் தட்டில் எடுத்து வைப்பது மட்டும்தான் வேலையாக இருக்க வேண்டும்.

பாகு வைத்துப் பதம் பார்த்து செய்கிற எதுவும் வேண்டாம், பெரிய அளவில் செய்யும்போது எனக்கு அதில் கை வராது. பேரீச்சம்பழ ரோல், சாக்லேட் ட்ரஃபிள், தேங்காய் உருண்டை, பிஸ்கட் உருண்டை என்று நான்கைந்து வகை யோசித்து வைத்திருக்கிறேன். ஒவ்வொன்றுக்கும் பத்துப் பதினைந்து செய்முறைகள் கிடைக்கின்றன, அளவுகள் ஒன்றோடொன்று ஒத்துப்போகவே இல்லை. ஒருவர் அரை டின் கண்டென்ஸ்டு மில்க் என்கிறார், இன்னொருவர் முழு டின் என்கிறார். எதை நம்புவது?

வருகிறவர்களில் சைவம் மட்டும் சாப்பிடுகிறவர்கள் நிறைய பேர். கொட்டைப் பருப்பு ஒவ்வாமை உள்ள ஒரு சிறுவன் வருகிறான். ஒரு வயது நிரம்பாத ஒரு குழந்தை, பல்செட் வைத்திருக்கும் இரண்டு பெரியவர்கள். எல்லோரும் ஏதாவது ஒன்றையாவது எடுத்துச் சாப்பிட வேண்டும் என்பது என் ஆசை. செய்து பழகியவர்கள் சொல்லுங்கள்.

பூவரசு எழுதியது:

முதலில் வகைகளைக் குறையுங்கள். 30 பேருக்கு ஆளுக்கு மூன்று துண்டு என்றால் 90 துண்டு. ஐந்து வகை செய்தால் ஐந்து முறை பாத்திரம் கழுவி, ஐந்து கலவையை ஃப்ரிட்ஜில் வைத்து எடுத்து, கடைசியில் எல்லாமே அரைகுறையாக நிற்கும். இரண்டு வகை, மிஞ்சினால் மூன்று. அதை நன்றாகச் செய்யுங்கள்.

அளவுகள் ஏன் ஒத்துப்போகவில்லை என்று கேட்டிருக்கிறீர்கள், அதுதான் சரியான கேள்வி. ஓவனில் வைக்கிறபோது சூடு மிச்ச ஈரத்தை ஓட்டிவிடும், கை கொஞ்சம் முன்பின் ஆனாலும் வெந்து இறுகிவிடும். நாம் செய்வதில் அந்த உதவி கிடையாது. எவ்வளவு ஈரம் உள்ளே போகிறதோ அது அப்படியே உள்ளேதான் இருக்கும். உருண்டை பிடிக்க வருமா, மறுநாள் தளர்ந்து போகுமா, எத்தனை நாள் கெடாமல் இருக்கும் என்பது எல்லாமே அந்த ஈரத்தைப் பொறுத்ததுதான். ஆனால் ஒருவர் வாங்கும் பிஸ்கட் இன்னொருவர் வாங்குவதைவிட அதிகம் இழுக்கும். ஒருவருடைய பேரீச்சம்பழம் பிசுபிசுவென்று இருக்கும், இன்னொருவருடையது காய்ந்து தோலாக இருக்கும். அதனால் எந்தச் செய்முறையிலும் உலர்ந்த பொருளை எடைபோட்டு எடுங்கள், ஈரமான பொருளை மட்டும் முழுவதும் கொட்டாமல் முக்கால் பங்கு சேர்த்து, பிசைந்து, பதினைந்து நிமிடம் மூடி வைத்துவிட்டு, அப்புறம் தேவைப்பட்டால் மீதியைச் சேருங்கள். இந்தப் பதினைந்து நிமிடம் ரொம்ப முக்கியம். தேங்காய்ப் பொடியும் பிஸ்கட் தூளும் ஈரத்தை மெதுவாகத்தான் இழுக்கும். கலந்தவுடன் தளர்வாகத் தெரிகிறதே என்று மேலும் பொடி சேர்த்தால், அரை மணி நேரத்தில் இறுகி, உருட்டும்போதே வெடிக்க ஆரம்பிக்கும்.

உங்கள் தேவைக்கு என் முதல் தேர்வு தேங்காய் உருண்டை. 175 கிராம் உலர் தேங்காய்ப் பொடி, 200 கிராம் கண்டென்ஸ்டு மில்க் (400 கிராம் டின்னில் பாதி), ஒரு சிட்டிகை உப்பு. இதில் சிறிய உருண்டை 25 வரும். மேலே புரட்ட இன்னும் கொஞ்சம் பொடி தனியாக எடுத்து வையுங்கள். புதிதாகத் துருவிய தேங்காயில் சுவை பிரமாதமாக இருக்கும், மறுக்கவில்லை, ஆனால் அதில் ஈரம் மிக அதிகம், வெளியில் வைத்தால் மறுநாளே வாடை மாறிவிடும். மூன்று நாள் முன்பு செய்கிறவர்களுக்கு உலர் பொடிதான் சரி. கண்டென்ஸ்டு மில்க் என்பது பாலில் இருந்து தண்ணீரைப் பெருமளவு நீக்கிச் சர்க்கரை சேர்த்தது. அதன் எடையில் ஏறக்குறைய 45 சதவீதம் சர்க்கரை. அந்தச் சர்க்கரை மிச்சத் தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்வதால்தான் திறக்காத டின் வெளியில் கெடாமல் இருக்கிறது. எவாப்பரேட்டட் மில்க் என்று பக்கத்திலேயே இன்னொரு டின் இருக்கும், அதில் சர்க்கரை கிடையாது, அதை வைத்து உருண்டை பிடிக்கவே முடியாது. வாங்கும்போது பெயரைப் படித்து எடுங்கள். மீந்ததை டின்னிலேயே விடாமல் கண்ணாடி டப்பாவுக்கு மாற்றி ஃப்ரிட்ஜில் வையுங்கள்.

இரண்டாவது பேரீச்சம்பழ ரோல். கொட்டை நீக்கிய மென்மையான பழம் 250 கிராம், ஒரு ஸ்பூன் வெண்ணெய் விட்டு அடி கனமான சட்டியில் சின்னத் தீயில் நான்கைந்து நிமிடம் மசித்தால் தானே திரண்டு வரும். 150 கிராம் வறுத்துப் பொடித்த பருப்போ விதையோ கலந்து, பட்டர் பேப்பரில் வைத்து உருளையாகச் சுருட்டி, ஃப்ரிட்ஜில் இரண்டு மணி நேரம். பிறகு கூரான கத்தியால் வில்லை வில்லையாக நறுக்கலாம். பழம் காய்ந்திருந்தால் பலர் வெந்நீரில் ஊறவைத்து அந்தத் தண்ணீரோடு அரைத்துவிடுகிறார்கள். அப்படிச் செய்தால் சாயங்காலம் வரை நன்றாக இருக்கும், மூன்றாவது நாள் புளித்த வாடை வர வாய்ப்பு உண்டு. ஊறவைத்தாலும் பிழிந்து, சட்டியில் ஈரம் சுண்டும் வரை கிளறுங்கள். வறுத்ததை நன்றாக ஆறவிட்டுப் பொடியுங்கள். சூட்டோடு மிக்ஸியில் போட்டால் எண்ணெய் விட்டுக் களியாகிவிடும்.

பல்செட் வைத்திருப்பவர்களுக்குப் பேரீச்சை ரோல் ஒட்டிக்கொண்டு தொந்தரவு தரும். அவர்களுக்குத் தேங்காய் உருண்டையைவிட நான் சொல்வது ட்ரஃபிள்தான், வாயில் வைத்ததும் கரைந்துவிடும்.

நீலவானம் எழுதியது:

பூவரசு சொன்ன ஈரக் கணக்கு சாக்லேட்டில் இன்னும் கறாராகப் பொருந்தும். சாக்லேட்டை உருக்கும்போது ஒரு துளி தண்ணீர், ஏன் கீழே கொதிக்கிற பாத்திரத்தின் ஆவி பட்டால்கூட, பளபளவென்று ஓடிக்கொண்டிருந்தது சட்டென்று மணல் மாதிரி திரிந்து கட்டியாகிவிடும். உள்ளே இருக்கும் சர்க்கரைத் துகள்கள் அந்தத் துளியால் நனைந்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்வதுதான் காரணம். விசித்திரம் என்னவென்றால் கொஞ்சம் தண்ணீர்தான் கெடுக்கும், நிறைய ஈரம் கெடுக்காது. அப்படி ஆகிவிட்டால் தூக்கிப் போடாதீர்கள், சூடான பாலோ க்ரீமோ ஒவ்வொரு ஸ்பூனாக விட்டுக் கலக்கினால் மறுபடி வழவழப்பாகிவிடும். அதன் பிறகு அது மேல்பூச்சுக்கு ஆகாது, ட்ரஃபிள் செய்யவோ மேலே ஊற்றிச் சாப்பிடவோ தாராளமாக ஆகும்.

ட்ரஃபிளுக்கு அளவு எளிது. டார்க் சாக்லேட் என்றால் எடையில் இரண்டு பங்கு சாக்லேட்டுக்கு ஒரு பங்கு க்ரீம். 200 கிராம் சாக்லேட், 100 கிராம் க்ரீம், 25 சிறிய உருண்டைகள் கிடைக்கும். மில்க் சாக்லேட், வெள்ளை சாக்லேட் இரண்டிலும் கோகோ குறைவு என்பதால் அதே அளவில் இறுகாது, மூன்று பங்குக்கு ஒரு பங்கு என்று வையுங்கள். சாக்லேட்டைப் பொடிப்பொடியாக நறுக்கி, ஓரத்தில் குமிழ் வரும் அளவுக்குச் சூடான க்ரீமை மேலே ஊற்றி, தொடாமல் இரண்டு மூன்று நிமிடம் விட்டுவிடுங்கள். அப்புறம் நடுவிலிருந்து சின்ன வட்டமாகக் கலக்கத் தொடங்குங்கள். வேகமாக அடிக்க வேண்டாம், காற்றுக் குமிழ் ஏறும். எண்ணெய் தனியே பிரிந்து நின்றால் ஒரு ஸ்பூன் வெதுவெதுப்பான பால் விட்டு மெதுவாகக் கலக்கினால் சேர்ந்துவிடும். இரண்டு மணி நேரம் குளிரவைத்து, ஸ்பூனால் எடுத்து உருட்டி, இனிப்பில்லாத கோகோ பவுடரில் புரட்டுங்கள். குடிக்கிற சாக்லேட் பவுடரில் சர்க்கரை கலந்திருக்கும், புரட்டி வைத்தால் அந்தச் சர்க்கரை ஈரம் வாங்கிக் கசிந்து மேற்புறம் ஒட்ட ஆரம்பிக்கும். அந்தக் கோகோவின் இளங்கசப்பு உள்ளே இருக்கும் இனிப்பை எவ்வளவு அழகாகத் தூக்கிக் காட்டுகிறது என்பதற்காகவே நான் வேறு எதிலும் புரட்டுவதில்லை.

உள்ளங்கை சூடாக இருப்பவர்களுக்கு உருட்டும்போதே உருகும். ஐஸ் தண்ணீரில் கை வைத்து, நன்றாகத் துடைத்துவிட்டு உருட்டுங்கள். துடைக்காமல் உருட்டினால் என்ன ஆகும் என்று மேலேயே சொல்லிவிட்டேன்.

சாக்லேட்டில் முக்கி எடுத்து மேல் ஓடு போடும் ஆசை இருந்தால் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். அசல் சாக்லேட்டில் உள்ள கோகோ வெண்ணெய், உருக்கிக் குளிரவைத்தால் பல விதமாக உறையும், அதில் ஒரு விதம்தான் மின்னும், உடைத்தால் சத்தம் வரும், கையில் உடனே உருகாது. அதற்கு டார்க் சாக்லேட்டை 45 டிகிரி வரை உருக்கி, 28 வரை இறக்கி, மறுபடி 31, 32 டிகிரிக்கு ஏற்றி வேலை செய்ய வேண்டும். வெப்பமானி இல்லாமல் 30 பேருக்கு அதைச் செய்யச் சொல்ல மாட்டேன். காம்பவுண்ட் சாக்லேட்டில் கோகோ வெண்ணெய்க்குப் பதில் வேறு தாவரக் கொழுப்பு இருக்கும், உருக்கி அப்படியே முக்கலாம், இறுகிவிடும். சுவை ஒரு படி கீழேதான். எனக்கு அது வாயில் மெழுகு பிடித்த மாதிரி நிற்கும், ஆனால் குழந்தைகள் கண்டுகொள்வதில்லை.

தும்பி:

இவ்வளவு விளக்கமாக எழுதியதற்கு இரண்டு பேருக்கும் நன்றி. அப்படியானால் தேங்காய் உருண்டை, ட்ரஃபிள் இரண்டும் உறுதி. பேரீச்சை ரோலில் பாதாம், முந்திரி போடலாம் என்றுதான் இருந்தேன், அந்தச் சிறுவனுக்காக ஒரு ரோலை மட்டும் பருப்பு போடாமல் தனியே செய்து வேறு தட்டில் வைத்துவிட்டால் போதுமா? அப்புறம் குழந்தைகளுக்குப் பச்சை மைதாவில் செய்யும் குக்கீ மாவு உருண்டை ரொம்பப் பிடிக்குமாம், ஓவனும் வேண்டாம், அதையும் சேர்க்கலாமா?

சிட்டு எழுதியது:

தும்பி, இரண்டுக்குமே என் பதில் வேண்டாம் என்பதுதான். எங்கள் வீட்டிலும் பருப்பு ஒவ்வாமை உள்ள பிள்ளை இருக்கிறாள், அதனால் இதைக் கொஞ்சம் அழுத்தியே சொல்கிறேன்.

தனித் தட்டு போதாது. அதே மிக்ஸி ஜாடியில் முன்பு பாதாம் பொடித்திருந்தால், பிளேடுக்கு அடியில் தங்கும் துகளே சிலருக்குப் போதும். அதே கத்தி, அதே கை, அதே பலகை எல்லாமே அப்படித்தான். பண்டிகை வீட்டில் சின்னப் பிள்ளைகள் எந்தத் தட்டிலிருந்து எதை எடுத்து யாருக்குக் கொடுப்பார்கள் என்று யாராலும் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. என் யோசனை, அன்றைய இனிப்பு முழுவதையும் பருப்பு இல்லாமலே செய்துவிடுங்கள். பூசணி விதை, சூரியகாந்தி விதை வறுத்துப் போட்டால் பேரீச்சை ரோலுக்கு அதே கரகரப்பு கிடைக்கும், பச்சை விதை நடுநடுவே தெரிவது பார்க்கவும் அழகு. எள்ளும் சிலருக்கு ஆகாது, தேங்காயும் அபூர்வமாக ஆகாது, ஆகவே அந்தச் சிறுவனின் அம்மாவிடம் எதெல்லாம் ஆகாது என்று நேரில் பேசிவிடுங்கள், நீங்களாக முடிவு செய்ய வேண்டாம். சாக்லேட், பிஸ்கட், விதை எல்லா உறைகளிலும் பின்பக்கம் பாருங்கள். பொருட்களின் பட்டியலில் பருப்பு இல்லாவிட்டாலும் "பருப்புகளின் தடயம் இருக்கலாம்" என்கிற எச்சரிக்கை அச்சிட்டிருப்பார்கள். அந்த உறைகளை வீசாமல் எடுத்து வையுங்கள், அவர்கள் வந்ததும் கேட்டால் காட்டலாம், அது அவர்களுக்கு எவ்வளவு பெரிய நிம்மதி என்று எனக்குத் தெரியும்.

பச்சை மாவு விஷயம். மைதாவோ கோதுமை மாவோ அரைத்து வருவதுதான், கிருமியைக் கொல்லும் சூடு எதுவும் அதற்குக் காட்டப்படுவதில்லை. சால்மோனெல்லா, ஈ. கோலை போன்றவை அதில் இருக்க வாய்ப்பு உண்டு, பச்சை மாவால் நோய் பரவிய நிகழ்வுகள் பதிவாகியிருக்கின்றன. முட்டை சேர்க்கவில்லை என்பதால் பாதுகாப்பு ஆகிவிடாது. வீட்டில் சட்டியில் வறுத்தாலும் எல்லா இடத்திலும் சமமாகச் சூடு ஏறியதா என்று சொல்ல முடியாது. அதே ஆசையைப் பிஸ்கட் தூளில் தீர்த்துவிடலாம், அது ஏற்கனவே வெந்தது. 250 கிராம் சாதா பிஸ்கட்டை நைசாகப் பொடித்து, இரண்டு மேசைக்கரண்டி கோகோ, உருக்கிய வெண்ணெய் 75 கிராம், கண்டென்ஸ்டு மில்க் அரை டின்னை பூவரசு சொன்ன மாதிரி கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்துப் பிசைந்தால் குழந்தைகளே உட்கார்ந்து உருட்டலாம். எங்கள் வீட்டில் இந்த வேலையைப் பிள்ளைகளிடம் விட்டுவிடுவோம், உருண்டை ஒன்று பெரிதாகவும் ஒன்று சிறிதாகவும் வரும், அதைப் பற்றி யாரும் கவலைப்பட வேண்டியதில்லை.

ஒரு வயது நிரம்பாத குழந்தைக்குத் தேன் சேர்த்த எதையும் கொடுக்கக் கூடாது. அதில் இருக்கக்கூடிய ஒரு வகை பாக்டீரியாவின் வித்துகள் அந்த வயதுக் குடலில் நஞ்சை உண்டாக்கும். சர்க்கரைக்குப் பதில் தேன் விடுங்கள் என்று நிறைய செய்முறைகளில் இருக்கும், அதனால் சொல்கிறேன். அந்தப் பாப்பாவுக்கு இந்த இனிப்பு எதுவுமே தேவையில்லை, மசித்த பழம் போதும், அவளும் சந்தோஷமாக இருப்பாள்.

வெண்பனி எழுதியது:

சைவம் என்கிற விஷயத்தை யாரும் தொடவில்லை, அதனால் எழுதுகிறேன். தேங்காய், சாக்லேட் எல்லாம் சரி, ஆனால் கண்ணாடிக் கிண்ணத்தில் பழம் போட்டு ஜெல்லி, பேக் செய்யாத சீஸ்கேக் என்று போனால் பெரும்பாலும் ஜெலட்டின் போடச் சொல்வார்கள். அது விலங்குகளின் தோல், எலும்பிலிருந்து எடுப்பது. மார்ஷ்மெல்லோவிலும் வழக்கமாக அதுதான் இருக்கும். பதிலுக்கு அகர் அகர், சைனா கிராஸ் என்றும் விற்பார்கள், கடற்பாசியிலிருந்து வருவது. இரண்டையும் ஒரே மாதிரி கையாள முடியாது. ஜெலட்டினைக் கொதிக்க விட்டால் வலு குறையும், அகரைக் கொதிக்க விடாவிட்டால் கரையவே கரையாது, இரண்டு மூன்று நிமிடம் நன்றாகக் கொதிக்க வேண்டும். ஜெலட்டின் ஜெல்லி வெயில் நேரத்தில் மேசையில் இளகி ஓடிவிடும். அகர் அறை வெப்பத்திலேயே உறைந்துவிடும், மறுபடி உருக 85 டிகிரி வரை சூடு வேண்டும், எனவே கூட்டம் கூடுகிற வீட்டுக்கு அதுதான் வசதி. ஆனால் ஜெலட்டின் தருகிற வழவழப்பு வராது, கடித்தால் பட்டென்று உடையும், அது சிலருக்குப் பிடிக்காது.

பச்சை அன்னாசி, பப்பாளி, கிவி போட்டால் ஜெலட்டின் உறையாது, அந்தப் பழங்களில் உள்ள நொதிகள் அதன் புரதத்தைச் சிதைத்துவிடும். அகரில் புரதம் இல்லை என்பதால் அந்தச் சிக்கல் இல்லை. டின்னில் வரும் அன்னாசி சூடு காட்டியது, அது எதிலும் ஆகும்.

பெரியவர்கள் யாருக்காவது சர்க்கரை நோய் இருந்தால் இதையும் கவனியுங்கள். பேரீச்சை இனிப்பைச் "சர்க்கரை இல்லாதது" என்று சொல்லி நீட்டுகிற பழக்கம் எனக்குக் கொஞ்சமும் பிடிக்காது. சேர்த்த சர்க்கரை இல்லை, அவ்வளவுதான். பழத்தின் எடையில் மூன்றில் இரண்டு பங்கு அளவுக்குச் சர்க்கரையே இருக்கிறது. நம்பிச் சாப்பிடுகிறவரிடம் உள்ளதைச் சொல்லுங்கள், எவ்வளவு எடுப்பது என்று அவரே முடிவு செய்துகொள்வார்.

தும்பி:

பச்சை மாவு நீங்குகிறது, பருப்பும் நீங்குகிறது, மிக்ஸிக்கும் சிட்டு சொன்ன காரணத்துக்காக அக்காவின் புது ஜாடியை வாங்கிக்கொள்கிறேன். தேங்காய் உருண்டை 50, விதை போட்ட பேரீச்சை ரோல், ட்ரஃபிள் 25. பிஸ்கட் உருண்டை பிள்ளைகள் வந்து அவர்களே செய்யட்டும். கடைசியாக ஒன்று. எதை எந்த நாள் செய்வது, எதை ஃப்ரிட்ஜில் வைப்பது? எல்லாவற்றுக்கும் ஃப்ரிட்ஜில் இடம் இருக்காது.

பூவரசு எழுதியது:

மூன்று நாள் முன்பு பேரீச்சை ரோல். நறுக்காமல் பேப்பரோடு அப்படியே காற்றுப் புகாத டப்பாவில் வையுங்கள், அதிகம் வெக்கை இல்லாத அறையில் வெளியிலேயே இருக்கும், நறுக்குவதற்கு முன் ஒரு மணி நேரம் மட்டும் குளிரவையுங்கள். இரண்டு நாள் முன்பு தேங்காய் உருண்டை, இதற்கு ஃப்ரிட்ஜ் வேண்டும். முந்தின நாள் ட்ரஃபிள், க்ரீம் இருப்பதால் கண்டிப்பாக ஃப்ரிட்ஜ்தான், வெங்காயம், பூண்டு வைத்திருக்கும் தட்டுக்குப் பக்கத்தில் வேண்டாம், சாக்லேட் வாடையை உடனே இழுத்துக்கொள்ளும். உருண்டைகளை அடுக்கும்போது ஒவ்வொரு அடுக்குக்கும் நடுவில் பட்டர் பேப்பர் போடுங்கள், இடமும் மிச்சமாகும், ஒட்டவும் செய்யாது.

வெளியே எடுக்கும்போது டப்பாவை மூடியபடியே அரை மணி நேரம் மேசையில் வைத்துவிட்டு அப்புறம் திறங்கள். குளிர்ந்த இனிப்பின் மேல் வெளிக்காற்று நேராகப் பட்டால் நீர் முத்து முத்தாகப் பூக்கும், கோகோ திட்டுத் திட்டாக நனைந்துவிடும். மூடி இருந்தால் அந்த நீர் டப்பாவின் வெளிப்பக்கத்தோடு போய்விடும். ட்ரஃபிளை மட்டும் மொத்தமாகப் பரப்ப வேண்டாம், பத்துப் பத்தாக எடுத்து வையுங்கள். கோகோ வெண்ணெய் 34 டிகிரியை ஒட்டியே உருகிவிடும், க்ரீம் சேர்த்தது அதற்கு முன்பே தளரும். அதைவிட முக்கியம், க்ரீம் போட்ட எதையும் இரண்டு மணி நேரத்துக்கு மேல் வெளியில் விடாதீர்கள்.

சிட்டு எழுதியது:

பிள்ளைகள் பிஸ்கட் உருண்டை செய்யும்போது முழு விதைகளைக் கையில் கொடுக்க வேண்டாம், நான்கைந்து வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்குத் தொண்டையில் சிக்கும். பொடித்தது அல்லது தேங்காய்ப் பொடி போதும். அப்புறம் ஒவ்வொரு தட்டின் பக்கத்திலும் உள்ளே என்னென்ன இருக்கிறது என்று ஒரு சின்ன அட்டையில் பெரிய எழுத்தில் எழுதி வையுங்கள், பால், கோதுமை உட்பட.